நாக்குக்கு மட்டும் சோறு

எங்கள் மன்னி உட்கார்ந்து நான் பார்த்தது மாதத்தில் மூன்று நாள்தான். அதுவும் எல்லா மாதமும் இல்லை. மற்ற நாட்களில் நின்றுகொண்டே காய் நறுக்குவாள், நடந்துகொண்டே தலை வாருவாள். வாசலுக்கும் கிணற்றடிக்கும் நடுவே போகிற போக்கில் நம்மிடம் ஒரு விஷயம் சொல்வாள். பாதி நம் காதில் விழும், மீதி அடுத்த அறையில் விழும். முழுசாகத் தெரிய வேண்டுமென்றால் பின்னாலேயே ஓட வேண்டும். கையில் குழந்தையோடு நான் எத்தனை முறை ஓடியிருப்பேன்!

"மன்னி, ரெண்டு நிமிஷம் உக்காருங்கோளேன், எனக்குத் தலை சுத்தறது" என்பேன்.

"உக்காந்தா வயறு நம்மளைப் பிடிச்சுக்கும் கேட்டியா. நடந்துண்டே இருந்தா, பாவம், அது பேசாம கூட வரும்" என்பாள், திரும்பிப் பார்க்காமலே.

மன்னி என் கணவரின் அண்ணன் மனைவி. கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் மாமனாருக்கு அரிசி மண்டி இருந்தது. பாலக்காட்டிலிருந்து எப்போதோ வந்து குடியேறிய குடும்பம். வீட்டுக்குள் தமிழ், படி இறங்கினால் மலையாளம், சண்டையென்றால் இரண்டும். எழுபதுகளின் தொடக்கத்தில் நான் இரண்டாவது மருமகளாகப் போய்ச் சேர்ந்தபோது மன்னி அங்கே வந்து நாலைந்து வருடம் ஆகியிருந்தது. குழந்தை இல்லை. நான் போன இரண்டாம் வருடமே ஒரு பிள்ளையைப் பெற்று மாமனார் மடியில் போட்டுவிட்டேன். அந்த வீட்டில் எனக்கென்று இருந்த ஒரே கௌரவம் அதுதான்.

மன்னிக்கு இருந்த கௌரவம் வேறு. அவள்தான் அந்த மண்டியின் நாக்கு.

ஒரு லோடு அரிசியை எடுக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்வதற்கு முன், மூட்டையில் குத்தூசி போட்டு எடுத்த சாம்பிள் ஒரு பொட்டலமாக வீட்டுக்கு வரும். அதை உப்பு போடாமல் சின்ன வெண்கலப் பானையில் வடித்து, சூடு ஆறுவதற்குள் மன்னி ஓர் உருண்டை உருட்டி வாயில் போட்டுக்கொள்வாள். கண்ணை மூடிக்கொள்வாள். அந்த ஒரு நிமிடம் மட்டும் கால் நிற்கும். பிறகு சொல்வாள்: "புதுசாக்கும். பழசுன்னு சொல்லி விக்கறான்." அல்லது, "நெல்லு ஒரு மழை நனைஞ்சிருக்கு. இப்போ தெரியாது. ரெண்டு மாசம் கழிச்சு கிட்டங்கில அடுக்கின மூட்டையிலே புழு வரும்." மாமனார் மறு பேச்சு பேசமாட்டார். அந்தத் தெருவில் முப்பது வருடமாக அரிசி விற்றவர், மருமகள் நாக்கைக் கேட்டுத்தான் லோடு இறக்குவார். முதலில் மாமியாரின் நாக்காக இருந்ததாம் அது. மூத்த மருமகளுக்குச் சாவிக்கொத்து கொடுப்பார்கள் சில வீடுகளில். எங்கள் வீட்டில் அந்த வெண்கலப் பானையைக் கொடுத்தார்கள்.

சீசனில் ஒரு நாளைக்கு நாலு சாம்பிள் வரும். நாலையும் விழுங்கிவிட்டு மதியச் சாப்பாட்டையும் சாப்பிடுவாள். நன்றாகச் சாப்பிடுவாள். அரிசி அவளுக்கு அவ்வளவு பிடிக்கும். பருத்த உடம்பு. தாடையில் இரண்டு மூன்று முரட்டு முடி. அதைப் பிடுங்க என் உதவிதான். கழுத்தின் பின்புறம் அழுக்கு மாதிரி ஒரு கருப்பு, எத்தனை பயத்தமாவு போட்டுத் தேய்த்தாலும் போகாதது. மாதவிடாய் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வரும், சில சமயம் ஐந்து மாதம் ஆகும்.

இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஏனென்றால் அந்த நாட்களில் பெண்கள் பின்கட்டில், கிணற்றடியை ஒட்டிய தனி அறையில் போய் இருக்க வேண்டும். மூன்று நாள் எதையும் தொடக்கூடாது, எங்கும் போகக்கூடாது. மற்ற வீட்டில் ரகசியமாக இருக்கிற கணக்கு எங்கள் வீட்டில் பட்டவர்த்தனம். அந்த அறை மாதா மாதம் எனக்காகத் திறக்கும். மன்னிக்காகத் திறக்காது. நான் அந்த அறையை வெறுத்தேன். மன்னி அதைக் கோயில் நடை மாதிரி பார்த்துக்கொண்டு போவாள்.

எர்ணாகுளத்தில் ஒரு லேடி டாக்டரிடம், காயலைக் கடக்கும் போட்டில் போனோம். துணைக்கு நான். அவர் பரிசோதித்துவிட்டு இரண்டு வெள்ளைக்காரர் பெயரைச் சேர்த்து ஒரு வியாதி சொன்னார். இன்றைக்கு கல்லூரிப் பெண்கள் ஜலதோஷத்தைச் சொல்வது போல் பிசிஓஎஸ் என்கிறார்களே, அதுதான். சூலகத்தைச் சுற்றித் தோல் தடித்திருக்கிறது, உள்ளே சின்னச் சின்ன நீர்க்குமிழிகள், முட்டை வெளியே வர வழியில்லை என்றார். வயிற்றைத் திறந்து சூலகத்தில் ஒரு துண்டு வெட்டி எடுத்தால் சிலருக்குச் சரியாகும். அதற்கு முன் ஆறு மாதம் வேறொன்று பார்க்கலாம். எடை குறைந்தவர்களுக்கு மாதம் தானாகத் திரும்புவதை அவர் பார்த்திருக்கிறாராம்.

"சோறு வேண்டா. கப்ப வேண்டா. நேந்திரப்பழம், சக்க, பஞ்சார, ஒண்ணும் தொடண்டா" என்றார். கப்ப என்றால் மரவள்ளி, சக்க பலா, பஞ்சார சர்க்கரை.

மன்னி கேட்டாள்: "பின்னே மனுஷா என்னத்தையாக்கும் திங்கறது, டாக்டரே?"

கீரை, தயிர், தேங்காய், நிலக்கடலை, வெள்ளரிக்காய், பூசணிக்காய் என்று டாக்டர் அடுக்கினார். "முட்ட கழிக்குமோ?"

"சிவ சிவா! முட்டை திங்காம பிள்ளை பெற முடியாதோ?"

"பசு முட்ட தின்னிட்டாணோ பிரசவிக்குந்நது?" என்று டாக்டர் சிரித்துவிட்டார், பசு முட்டை தின்றா கன்று போடுகிறது என்று. "வேண்டாம், விடு. ஆனா சோறு கூடாது."

திரும்பி வரும்போது போட்டில் எல்லோரும் உட்கார்ந்திருக்க மன்னி மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இட்லி, தோசை, ஆப்பம், புட்டு, சேவை, அடை என்று ஒவ்வொன்றாக விரல் மடக்கினாள். இரண்டு கையும் தீர்ந்ததும், "இதையெல்லாம் விட்டா நான் யாராக்கும்?" என்றாள். கத்தி வைப்பதென்றால் அவளுக்குக் குலை நடுங்கும். அவளுடைய சித்தி ஒருத்தி ஆபரேஷன் மேஜையிலேயே போய்விட்டாளாம். ஆக, ஆறு மாதம். அதற்குள் அந்தப் பின்கட்டு அறை அவளுக்காக மாதா மாதம் திறக்க வேண்டும்.

அரிசி வியாபாரி வீட்டில் மருமகள் சோறு வேண்டாம் என்றால் எப்படி இருக்கும்! மாமியார் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் பேசினார், அதற்குப் பேசாமலே இருந்திருக்கலாம். "அன்னத்தை வேண்டாங்கறவளுக்கு அன்னம் எங்கேருந்து மடி நிறைக்கும்?" என்றார். ஆனால் உண்மையான பிரச்னை சாம்பிள். சோற்றை விட்டால் நாக்கை விட வேண்டும். நாக்கை விட்டால் அவளுக்கு அந்த வீட்டில் என்ன இருக்கிறது?

மன்னி ஒரே நாளில் வழி கண்டுபிடித்தாள். உருண்டையை வாயில் போட்டு, மென்று, கண் மூடி, தீர்ப்புச் சொல்லிவிட்டு, கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு போய் ஒரு கொட்டாங்கச்சியில் துப்பினாள்.

மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். "அன்னத்தைத் துப்பறாளே! அரிசி வித்துத் திங்கற ஆத்துலே!"

மாமனார் ஊஞ்சலிலிருந்து எழுந்து வந்தார். வழக்குக் கேட்டார். பிறகு, "நமக்கு வேண்டியது அவ நாக்கு. நாக்குக்குக் கொடுத்தாச்சு. வயத்துக்கும் போகணும்னு சட்டம் உண்டோ?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மனிதர் வியாபாரி. மாமியார் ஒரு நிபந்தனை போட்டார்: துப்பியது சாக்கடையில் விழக்கூடாது, தென்னைமரத்தின் அடியில் புதைக்க வேண்டும். அந்த மரம் அந்த வருடம் காய்த்துத் தள்ளியது. நான் சொன்னால் நம்பமாட்டீர்கள்.

நல்ல சோறு நாக்கில் கிடக்கும்போது விழுங்காமல் இருப்பது என்ன பாடு என்று நான் ஒரு தடவை பரிசோதித்துப் பார்த்தேன். முடியவில்லை. தொண்டை தானாக இழுத்துக்கொண்டது. மன்னி அதை நாளைக்கு நாலு முறை செய்தாள். செய்துவிட்டு நடந்தாள். முன்பே ஓயாத கால், இப்போது அந்த நடை இரட்டிப்பாயிற்று. பசி அவளைத் துரத்தியது, அவள் நின்றால் பிடித்துவிடும் என்பது போல. வாசல், கூடம், கிணற்றடி, மறுபடி வாசல். அரிசி ஏற்றி வரும் வள்ளம் வந்துவிட்டதா என்று படகுத்துறை வரை ஒரு நடை. அவளுக்கும் வள்ளத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சாயங்காலம் அவள் கணவர் கூட வருவார். மைத்துனர் வாய் திறந்து பேசாத மனிதர். கிட்டங்கியில் அவர் இருக்கிறாரா என்றே சில சமயம் தெரியாது. ஆனால் சட்டைப் பையில் வறுத்த கடலை வைத்திருப்பார். மன்னி இரண்டடி முன்னால் போய்க்கொண்டே கையைப் பின்னால் நீட்டுவாள். அவர் நாலு கடலை வைப்பார்.

ஓணத்துக்கு ஒரு வீட்டில் சாப்பிடப் போனோம். இலையில் அவியல், ஓலன், காளன், தோரன் எல்லாம் இருக்க, நடுவில் சோறு இல்லை. பரிமாறுகிறவர் மூன்று முறை சோற்றோடு வந்தார். மூன்று முறையும் மன்னி கையைக் குறுக்கே வைத்தாள். நாலாம் முறை சாம்பார் வாளியோடு வந்தவர் அப்படியே நின்றார். "அம்மா, இதை எதிலே ஊத்தறது?"

"ஓலன்லே ஊத்துங்கோ, அதுக்கென்ன, அதுவும் ஒரு ஜீவன்தானே" என்றாள். பந்தியே சிரித்தது. அவளும் சிரித்தாள். ஆனால் எனக்குப் பக்கத்து இலை அது. அவள் பார்வை முழுக்க என் சோற்றின் மேலேயே இருந்தது.

நாலாம் மாதம் ஒரு காலை, கிணற்றடியிலிருந்து ஒரு கூச்சல். "வந்துடுத்து! முப்பத்திரண்டு நாள்லே வந்துடுத்து!"

அந்த வீட்டில் யாரும் அதைக் கூவிச் சொன்னதில்லை. காதோடு காதாகச் சொல்லிவிட்டு ஒதுங்கிப் போவதுதான் பழக்கம். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. மாமியார், "வெக்கம் கெட்டவ" என்றார். மன்னி அந்த அறையில் போய் காலை நீட்டி உட்கார்ந்தாள். மூன்று நாளும் உட்கார்ந்தாள். பாட்டுப் பாடினாள். வாரப் பத்திரிகை கேட்டாள். தயிர் போதவில்லை என்று அதிகாரம் செய்தாள். ஒரு பெண் அப்படி ராணி மாதிரி தீட்டு உட்கார்ந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அடுத்த மாதம் முப்பது நாளில். அதற்கடுத்த மாதமும் வந்தது. டாக்டர் கத்தியை மறந்துவிடலாம் என்றார். கழுத்துக் கருப்பு வெளுத்தது. ரவிக்கைகளை நான்தான் பிடித்துத் தைத்துக் கொடுத்தேன்.

எனக்கு அவளைப் பிடிக்கும். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இனி சொல்லப் போவதைக் கேட்டால் யாரும் நம்பமாட்டார்கள்.

இப்படி ஆறேழு மாதம் ஒழுங்காக ஓடிய பிறகு ஒரு மாதம் வரவில்லை.

வேறு எந்த வீட்டிலும், கல்யாணமான பெண்ணுக்கு நாள் தள்ளிப் போனால் என்ன நினைப்பார்கள்? எங்கள் வீட்டில் யாரும் அதை நினைக்கவில்லை. மன்னிக்கு வராமல் இருப்பதுதான் வியாதி, வருவதுதான் குணம். அத்தனை வருடப் பழக்கம். முப்பத்தைந்தாம் நாள் அவள் என்னிடம் வந்து, "போச்சு. திரும்பிடுத்து" என்றாள். முகம் வெளிறியிருந்தது. நாற்பதாம் நாள் காரணம் கண்டுபிடித்துவிட்டாள்: ஒரு பிறந்தநாள் வீட்டில், அரிசி அடையும் வெல்லமும் போட்ட அடைப்பிரதமன் பாயசம் ஒரு கரண்டி நக்கியிருக்கிறாள். "ஒரு கரண்டி! அந்த ஒரு கரண்டிதானாக்கும் எனக்கு எமன்!" என்று தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள்.

அப்புறம் தண்டனை ஆரம்பித்தது. தேங்காய் போயிற்று, கடலை போயிற்று. கீரையும் மோரும் மட்டும். காலையில் ஃபோர்ட் கொச்சி கடற்கரை வரை நடை, வெயில் ஏறியபின் திரும்பல். மைத்துனர் ஒரு நாள் கடலைப் பையோடு பின்னால் போய்க்கொண்டே இருந்தார். அவள் கையை நீட்டவில்லை.

அந்த நாட்களில்தான் ஒரு சாம்பிள் வந்தது. பானையைத் திறந்ததும் மன்னி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உருண்டை வாய்க்குள் போன வேகத்தில் வெளியே வந்தது. "நாறறது. எலி மூத்திரம் பட்ட அரிசி" என்றாள். மாமனார் லோடைத் திருப்பி அனுப்பினார். இரண்டு கடை தள்ளி இன்னொருவர் எடுத்துக்கொண்டார். அடுத்த நாள் மதியம் அவர் வீட்டிலேயே மாமனாருக்குச் சாப்பாடு நேர்ந்தது. அதே அரிசி, முல்லைப்பூ மாதிரி இருந்ததாம். சாம்பிள் அனுப்புவதை நிறுத்திவிட்டார். மன்னி வெண்கலப் பானையைத் தேய்த்துக் கவிழ்த்து வைத்துவிட்டு, சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டேயிருந்தாள்.

சோறு வேகிற வாசனைக்குக் குமட்டுவது எனக்குத் தெரியும். என் பிள்ளை வயிற்றில் இருந்தபோது நானும் அப்படித்தான் அடுப்பைக் கண்டு ஓடினேன். மதியத்தில் மன்னி சுவரில் சாய்ந்து நின்றபடியே கண்ணயர்ந்ததைப் பார்த்தேன். எனக்குப் புரிந்துவிட்டது. சந்தேகமே இல்லை.

எட்டு நாள் நான் அதை யாரிடமும் சொல்லவில்லை.

தப்பாகப் போய்விட்டால் அவள் உடைந்துபோவாளே என்று பயந்தேன் என்று வெகுகாலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பிற்பாடு தைத்துப் போட்டுக்கொண்ட சட்டை. உண்மை இதுதான்: நாக்கும் அவளுக்கு, பிள்ளையும் அவளுக்கு என்றால் அந்த வீட்டில் எனக்கு என்ன? இன்னும் கொஞ்ச நாள் மாமனார் மடியில் என் பிள்ளை ஒருவனே இருக்கட்டும் என்று நினைத்தேன். அவ்வளவு அல்பம். "உங்களுக்கு இது அதுவாக இருக்கும் மன்னி, உக்காருங்கோ, ஏதாவது சாப்பிடுங்கோ" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அவள் பசியோடு நடப்பதைப் பார்த்துக்கொண்டு என் பிள்ளைக்குச் சோறு ஊட்டினேன்.

ஒன்பதாம் நாள் கிணற்றடியிலிருந்து அந்தக் கூச்சல் கேட்டது. "வந்துடுத்து! அம்மா! வந்துடுத்து!"

பிள்ளை பிறப்பதற்கு முன்னால் எனக்கு ஒன்று தங்காமல் போயிருந்தது. அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். மதியம் அவளுக்குத் தட்டைக் கொண்டுபோய் எட்ட வைத்தபோது பார்த்தேன். இரண்டாக மடங்கிப் படுத்திருந்தாள். நெற்றியெல்லாம் வேர்வை. மூலையில் வாளியில் துணி ரத்தத்தில் நனைந்து கிடந்தது. அதைப் பார்த்த பிறகு கேட்க ஒன்றும் இல்லை.

"ரெண்டு மாசத்துது சேர்ந்து வறது, அதாக்கும் இப்படி வலி" என்றாள். சிரித்தாள். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். "சாரமில்லை, பரவாயில்லை. வந்துடுத்தே, அது போதும். அப்பாகிட்டே சொல்லு, நாலு நாள் கழிச்சு சாம்பிள் அனுப்பச் சொல்லு. நாக்கு திரும்பிடும்."

"சொல்றேன் மன்னி" என்றேன்.

நாக்கு திரும்பியது. சாம்பிள் திரும்ப வந்தது. டாக்டரிடம் அவள், "ஒரு தடவை தள்ளிப் போச்சு, அப்புறம் வந்துட்டுது" என்று சொன்னாளாம். அவரும் சந்தோஷப்பட்டாராம். அதன் பிறகு வருடக்கணக்கில் அவளுக்கு மாதம் தவறவில்லை. குழந்தை மட்டும் இல்லை. ஆரம்பத்தில் போகிறவை பெரும்பாலும் எப்படியும் போகிறவைதான், பட்டினியால் இல்லை, நடையால் இல்லை என்று வேறொரு டாக்டர் ரொம்ப நாள் கழித்து என்னிடம் சொன்னார். இருக்கலாம். நான் கேட்டது அவள் பட்டினியைப் பற்றி. என் எட்டு நாளைப் பற்றி அவரிடம் கேட்கவில்லை.

என் கணவருக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்து நாங்கள் வந்துவிட்டோம். மன்னியை அப்புறம் கல்யாணம் கார்த்திகையில் பார்ப்பதோடு சரி. பதினோரு வருடம் கழித்து, எண்பதுகளின் நடுவில், எர்ணாகுளத்தில் ஒரு கல்யாணம். மன்னிக்குத் தலை நரைத்திருந்தது. உடம்பு அதே மெலிவு. பந்திக்குப் பந்தி அலைந்து எல்லோரையும் சாப்பிடச் சொல்லிக்கொண்டிருந்தவள், என் பிள்ளையைப் பார்த்ததும் நின்றாள். அவனுக்கு மீசை அரும்பியிருந்தது. கன்னத்தைத் தடவி அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"எனக்கு வெஷமம், துக்கம் ஒண்ணும் இல்லை கேட்டியா. ஒரே ஒரு தடவை உண்டாயிருந்தா போதும். தங்கவே வேண்டாம். இந்த ஒடம்புக்கு அது தெரியும்னு ஆயிருக்கும். ஒரு தடவைகூட இல்லையே, அதுதான்."

இதற்கு மேல் நான் எப்படி வாயை மூடிக்கொண்டிருப்பேன்? மண்டபத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். சாம்பிள் நாறியது, நின்றபடி தூங்கியது, வாளி. எட்டு நாள் தெரிந்தும் சொல்லாமல் இருந்ததையும், ஏன் என்பதையும் சொன்னேன். அவள் கையை ஓங்கினால் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் சொன்னேன்.

மன்னி என் முகத்தையே பார்த்தாள். உதடு அசைந்தது, ஏதோ மாதக் கணக்குப் போடுவது போல.

"உண்டாயிருந்ததா? எனக்கா?"

"ஆமாம் மன்னி."

"நெஜமா? நன்னா தெரியுமா நோக்கு?"

"தெரியும். என்னை மன்னிச்…"

அவள் அங்கே இல்லை. இலைகளுக்கு நடுவே புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தாள். பரிமாறுகிறவரை முழங்கையால் தள்ளினாள். கடைசி வரிசையில் மைத்துனர் பாயசம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் முன்னால் போய் நின்று, பந்தி முழுக்கத் திரும்பிப் பார்க்க, கூவினாள்.

"கேட்டேளா! எனக்கு ஒரு தடவை உண்டாயிருந்துதாம்! மட்டாஞ்சேரிலே! இவளுக்கு அப்பவே தெரியுமாம், இவளையே கேளுங்கோ!"

அவள் முகம் அப்படி மலர்ந்து நான் கண்டதில்லை. மைத்துனர் அந்த முகத்தைப் பார்க்கவில்லை. பாயசத்தில் இருந்த கையை எடுக்காமல், தலையை நிமிர்த்தி, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.